நிரப்பலும் அடைத்தலும் ஒட்டலும்: பழுதுபார்ப்புப் பொருள் தேர்வின் வரலாறு – தில்லிக் கட்டடங்களை முன்வைத்து

முன்னுரை

உடைந்த பொருளை மீண்டும் இணைப்பதற்கும், வெடித்த சுவரை நிரப்புவதற்கும், கசியும் மூட்டை அடைப்பதற்கும் எப்பொருளைத் தேர்ந்தெடுப்பது என்னும் வினா தொழிற்கூடத்திற்கு மட்டுமே உரியது என்று பொதுவாகக் கருதப்படுகிறது. ஆயின் இவ்வினாவுக்கு நீண்ட வரலாறு உண்டு. அவ்வரலாற்றில் பெரும்பகுதி எழுதப்பட்ட நூல்களில் இல்லை. கொத்தனார், தச்சர், கொல்லர், தட்டார், படகு கட்டுவோர் ஆகியோரின் சொற்களில் உறைந்து கிடக்கிறது. எனவே இது தொழில்நுட்ப வரலாற்றுக்கு உரியதாவது போன்றே சொல் வரலாற்றுக்கும் உரிய பொருளாகும்.

பழுதுபார்ப்புக்குரிய பொருளைத் தேர்வதில் நம் முன்னோர் கடைப்பிடித்த நெறிகள் யாவை, அந்நெறிகள் 20ஆம் நூற்றாண்டில் எவ்வாறு கைவிடப்பட்டன, அதனால் நேர்ந்த இழப்பு யாது, மீட்பு எவ்வாறு நிகழ்ந்தது என்பனவற்றைத் தில்லிக் கட்டடங்களை முன்வைத்தும் தமிழ்நாட்டுச் சான்றுகளோடு ஒப்பிட்டும் ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும். தொழிற்சொற்கள் வழக்கொழியும்போது தொழிலறிவும் உடன் மறைகிறது என்பது இக்கட்டுரையின் கருதுகோளாக அமைகிறது.

மூவகைத் தொழில்

பழுதுபார்ப்பில் பயன்படும் பொருள்கள் செய்யும் தொழிலை மூன்றாகப் பகுக்கலாம். வெற்றிடத்தை நிறைப்பது நிரப்பல்; நீரோ காற்றோ எண்ணெயோ புகாமல் தடுப்பது அடைத்தல்; இரு பொருள்களைப் பிரியாமல் பிணிப்பது ஒட்டல். ஒரே பொருள் இம்மூன்றையும் செய்யக்கூடும் என்றாலும், மூன்றையும் ஒரே அளவில் செவ்வனே செய்யும் பொருள் அரிது. நிரப்புவதற்கு உரியது சுருங்காமல் இருத்தல் வேண்டும். அடைப்பதற்கு உரியது மூட்டு அசையும்போது உடன் அசைந்து கொடுத்தல் வேண்டும். ஒட்டுவதற்கு உரியது இருபுறமும் இறுகப் பற்றுதல் வேண்டும். இவ்வேறுபாட்டை உணராமல் வலிமை ஒன்றையே அளவுகோலாகக் கொள்வதே பல பழுதுபார்ப்புகள் தோல்வியுறக் காரணமாகிறது.

தமிழ்ச் சொற்கள் இவ்வேறுபாட்டைத் தெளிவாகவே காட்டுகின்றன. சுதை, சாந்து, காரை ஆகிய மூன்றும் சுண்ணாம்பை அடிப்படையாகக் கொண்டவை. எனினும் மூன்றும் ஒன்றல்ல. சுதை என்பது மேற்பூச்சுக்கும் உருவங்கள் வனைவதற்கும் உரிய நுண்ணிய கலவை. சாந்து என்பது கல்லையும் செங்கல்லையும் இணைக்கும் குழைவு. காரை என்பது இறுகிக் கெட்டிப்பட்ட பூச்சையும் தளத்தையும் குறிக்கும். உலோகத் தொழிலில் பற்றாசு என்னும் சொல், இரு உலோகத் துண்டுகளை உருக்கி இணைக்கும் இடைப்பொருளைக் குறித்தது. பற்றவைத்தல் என்னும் வழக்கு இன்றும் பட்டறைகளில் வாழ்கிறது. தச்சுத் தொழிலில் விலங்குத் தோலிலிருந்தும் எலும்பிலிருந்தும் காய்ச்சி எடுக்கும் பசைக்கு வச்சிரம் என்று பெயர். கப்பல் பலகைகளுக்கு இடையே பஞ்சோ நாரோ திணித்துக் குங்கிலியமும் எண்ணெயும் பூசி நீர்க்கசிவைத் தடுக்கும் தொழில் கலப்பற்று எனப்பட்டது. இதன் பேச்சு வடிவம் கலப்பத்து என்பதாகும். கலத்தைப் பற்றியது எனத் தமிழ்ச் சொல்லாகவே பொருள் கொள்ளத் தோன்றினும், இதே தொழிலைச் செய்வோரைக் குறிக்கும் கலஃபேட் என்னும் போர்த்துக்கீசியச் சொல்லோடு இது ஒப்புநோக்கத்தக்கது. கடல் வணிகத்தில் பொருள்களோடு தொழிற்சொற்களும் துறைமுகந்தோறும் பயணம் செய்தன என்பதற்கு இஃது ஒரு சான்றாகலாம்.

இலக்கியச் சான்றுகள்

சங்க இலக்கியங்களுள் நெடுநல்வாடை அரண்மனை ஒன்றின் கட்டடக் கூறுகளை விரிவாகக் கூறுகிறது. அதில் வெள்ளி போன்று விளங்கும் சுதை பூசப்பட்டமை பேசப்படுகிறது. அந்நூலிலேயே, வாயில் நிலை கதவுகளைக் கைத்திறம் மிக்க கம்மியன் ஒருவன் இடைவெளி தோன்றாதவாறு முடுக்கிப் பொருத்திய செய்தியும் உள்ளது. இங்கு இடைவெளியைக் குறிக்கப் புரை என்னும் சொல் ஆளப்பட்டுள்ளது. புரையை நிரப்புவதைவிடப் புரையே இல்லாமல் பொருத்துவது மேலான தொழில் என்னும் கருத்து அக்காலத்திலேயே நிலவியமை இதனால் புலனாகிறது.

இக்கருத்தின் தொடர்ச்சியைச் சோழர் காலக் கற்றளிகளிலும் காணலாம். கற்களைத் தம் எடையாலும் செதுக்கிய பொருத்தினாலும் நிலைபெறச் செய்யும் முறை அவற்றில் சிறப்பிடம் பெறுகிறது. இம்முறை தில்லிக்கும் வந்தது. இராமகிருஷ்ணபுரத்தில் மலை மந்திர் என வழங்கும் உத்தர சுவாமிமலைக் கோயிலின் முதன்மைச் சன்னிதி 1973ஆம் ஆண்டு குடமுழுக்குக் கண்டது. சோழர் கட்டடப் பாணியில் கருங்கல்லால் எழுப்பப்பட்ட அச்சன்னிதியில் கற்களுக்கு இடையே சிமெண்டு முதலிய ஒட்டுப்பொருள் எதுவும் பயன்படுத்தப்படவில்லை. தலைநகரில் சிமெண்டுக் கட்டடங்கள் பெருகிய அதே காலத்தில் இவ்வாறு ஒரு கோயில் எழுந்தமை குறிப்பிடத்தக்கது.

வடமொழி நூல்களுள் வராகமிகிரரின் பிருகத் சம்கிதை இத்துறையில் முதன்மையான சான்றாகும். கி.பி. 6ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த அந்நூலில் வச்சிரலேபம் என்னும் பசையின் செய்முறைக்கெனத் தனி அதிகாரம் அமைந்துள்ளது. விளாங்காய், இலவம்பூ, வசம்பு முதலியவற்றை நீரிலிட்டு எட்டில் ஒரு பங்காக வற்றக் காய்ச்சி, அதனோடு குங்கிலியம் முதலான பிசின்களையும் சேங்கொட்டை, ஆளிவிதை, வில்வம் ஆகியவற்றையும் கூட்டிச் செய்வது அதன் முதல் வகை. அரக்கைச் சேர்த்துச் செய்வது மற்றொரு வகை. விலங்குக் கொம்பு, தோல் முதலியவற்றைக் கொண்டு செய்வது பிறிதொரு வகை. எட்டுப் பங்கு ஈயம், இரண்டு பங்கு வெண்கலம், ஒரு பங்கு பித்தளை ஆகியவற்றை உருக்கிச் செய்யும் உலோகக் கலவையும் அவ்வதிகாரத்தில் கூறப்படுகிறது. கோயில், மாடம், சாளரம், இலிங்கம், திருவுருவம், சுவர், கிணறு ஆகியவற்றுக்கு இவற்றைச் சூடாகப் பூசுதல் வேண்டும் என்பது அந்நூலின் கருத்து.

இங்குக் கருதத்தக்கவை இரண்டு. ஒன்று, ஒரே பெயரின்கீழ்த் தாவரப் பிசின், விலங்குப் பசை, உலோகக் கலவை ஆகிய மூவகையும் தனித்தனியே வகுக்கப்பட்டுள்ளன. இடத்திற்கேற்பத் தேர்வு செய்தல் வேண்டும் என்னும் உணர்வு இதில் அடங்கியுள்ளது. மற்றொன்று, தமிழ்த் தச்சர் வழக்கில் உள்ள வச்சிரம் என்னும் சொல் இவ்வச்சிரலேபத்தோடு உறவுடையதாக எண்ணுவதற்கு இடமுண்டு. நூலில் வகுத்த பசையின் பெயர் பட்டறையில் நின்று நிலவுகிறது எனலாம்.

அட்டபந்தனம்: ஓர் அடைப்புப் பொருளின் இயல்பு

தமிழ்நாட்டுக் கோயில் மரபில் அட்டபந்தனம் என்னும் மருந்து தனியிடம் பெறுகிறது. கொம்பரக்கு, குங்கிலியம், தேன்மெழுகு, சுக்கான்கல், செங்காவி, செம்பஞ்சு, சாதிலிங்கம், எருமை வெண்ணெய் ஆகிய எட்டும் அதன் கூறுகளாகப் பொதுவாகச் சொல்லப்படுகின்றன. இவற்றை இடித்துக் குழைத்துத் திருவுருவத்திற்கும் பீடத்திற்கும் இடைப்பட்ட வெளியில் சாத்துவர். பீடத்தின் அடியில் எந்திரத் தகடும் மணிகளும் வைக்கப்பட்டிருக்கும். திருமுழுக்கு நீர் அவ்விடத்தில் இறங்காமல் தடுப்பதும், திருவுருவம் அசையாமல் நிற்கச் செய்வதும் இம்மருந்தின் பயன்களாகும்.

சமயச் சடங்காக மட்டுமே நோக்கப்படும் இதனைப் பொருளியல் நோக்கில் ஆராய்ந்தால் தெளிவான அமைப்பு ஒன்று புலப்படும். அரக்கும் குங்கிலியமும் பற்றும் தன்மையைத் தருகின்றன. சுக்கான்கல் தூளும் காவியும் நிரப்பிகளாக நின்று சுருக்கத்தைக் குறைக்கின்றன. பஞ்சு இழையாக நின்று வெடிப்பைத் தடுக்கிறது. மெழுகும் வெண்ணெயும் குழைவைத் தருவதோடு நீரையும் விலக்குகின்றன. இன்றைய தொழிற்சாலைகளில் பயன்படும் அடைப்புப் பொருள்களும் பிசின், நிரப்பி, இழை, குழைவூட்டி என்னும் இதே நான்கு உறுப்புகளைக் கொண்டே அமைகின்றன. கூறுகள் வேறு, அமைப்பு ஒன்றே.

இதனினும் முதன்மையானது இம்மருந்தின் ஆயுள் பற்றிய மரபாகும். பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை குடமுழுக்கின்போது பழைய மருந்தை எடுத்துவிட்டுப் புதியதைச் சாத்துதல் வழக்கம். பழைய மருந்தை எடுக்கும்போது திருவுருவத்திற்கோ பீடத்திற்கோ ஊறு நேர்தல் கூடாது. அதாவது, இப்பொருள் கல்லைவிட மெலிதாக இருத்தல் வேண்டும். காலம் முடிந்ததும் அகற்றத்தக்கதாகவும் இருத்தல் வேண்டும். பழுதுறவேண்டியது மருந்தேயன்றிக் கல்லன்று என்பதே இதன் உட்கிடை. கட்டடப் பாதுகாப்பு வல்லுநர் இன்று மீள்தன்மை என்று கூறும் கோட்பாடு இம்மரபில் நடைமுறையாகவே இருந்து வந்துள்ளது.

தில்லியில் சுண்ணச்சாந்து

தில்லியின் கட்டட வரலாற்றில் 13ஆம் நூற்றாண்டு ஒரு திருப்பமாகும். கல்லின்மேல் கல்லைக் கிடத்தி அடுக்கும் முறையில் ஒட்டுப்பொருளின் பங்கு குறைவு. ஆனால் உண்மையான வளைவும் குவிமாடமும் சாந்து இன்றி எளிதில் அமையா. மெக்ராலியில் உள்ள பால்பனின் கல்லறையில் இந்தியாவின் தொடக்ககால உண்மை வளைவுகளுள் ஒன்றைக் காணலாம். இதன்பின் சுண்ணச்சாந்து தில்லிக் கட்டடக் கலையின் இன்றியமையாக் கூறாயிற்று.

சுண்ணாம்புக் கல்லை ஏறத்தாழ 900 பாகை செல்சியசு வெப்பத்தில் சுட்டால் கரியமில வாயு நீங்கிச் சுட்ட சுண்ணாம்பு கிடைக்கிறது. அதனை நீரிலிட்டால் கொதித்து நீற்றுச் சுண்ணாம்பு ஆகிறது. அதனோடு மணலோ செங்கல் தூளாகிய சுர்க்கியோ கலந்து அரைத்துப் பூசினால், காற்றிலுள்ள கரியமில வாயுவை மெல்ல மெல்ல ஈர்த்து மீண்டும் சுண்ணாம்புக் கல்லின் இயல்பையே அடைகிறது. கல்லாய் இருந்தது நீறாகி, நீறு குழைவாகி, குழைவு மீண்டும் கல்லாகும் இச்சுழற்சி முடிவுற ஆண்டுகள் பல ஆகும். இதனாலேயே சுண்ணச்சாந்துச் சுவர் சிறு அசைவுகளைத் தாங்குகிறது. நுண்ணிய வெடிப்புகளில் நீர் புகும்போது கரைந்த சுண்ணாம்பு மீண்டும் படிந்து அவற்றை ஓரளவு தானே அடைத்தும் கொள்கிறது.

தில்லிக் கொத்தனார் சாந்தில் வெல்லம், வில்வப்பழச் சதை, உளுந்து ஆகியவற்றைச் சேர்த்தனர். தமிழ்நாட்டில் கடுக்காய் ஊறிய நீரும் பனைவெல்லமும் சேர்க்கப்பட்டன. சென்னையில் மெட்ராஸ் டெரஸ் எனப்பட்ட தளத்தை அமைக்கும்போது செங்கல் சல்லியும் சுண்ணாம்பும் கலந்த காரையின்மீது இந்நீரைத் தெளித்து, பெண்கள் வரிசையாக அமர்ந்து மரக்கட்டைகளால் நாள்கணக்கில் தட்டுவர். முட்டை வெண்கருவும் தயிரும் சேர்த்துப் பளிங்குபோல் மெருகேற்றிய சென்னைச் சுண்ணாம்புப் பூச்சு ஐரோப்பியரை வியக்க வைத்தது. சுனாம் என்னும் சொல் ஆங்கிலத்தில் இடம்பெற்றது அதன் விளைவாகும். வராகமிகிரரின் பட்டியலில் உள்ள வில்வம் தில்லிச் சாந்திலும் இடம்பெறுவது நோக்கத்தக்கது.

சிமெண்டின் வருகையும் தேர்வின் சுருக்கமும்

இங்கிலாந்தில் ஜோசப் ஆஸ்ப்டின் 1824ஆம் ஆண்டு போர்ட்லாந்து சிமெண்டுக்குக் காப்புரிமை பெற்றார். இந்தியாவில் சிமெண்டு செய்யும் முதல் முயற்சி 1904ஆம் ஆண்டு சென்னையில், கடற்சிப்பிகளை மூலப்பொருளாகக் கொண்டு நிகழ்ந்தது. அது நிலைபெறவில்லை. 1914ஆம் ஆண்டு போர்பந்தரில் தொடங்கிய உற்பத்தியே நிலைபெற்றது. விரைவில் இறுகுதல், மிகுந்த வலிமை, நீர்புகாமை ஆகியவற்றால் சிமெண்டு புதிய கட்டடங்களுக்குப் பெரும் பயன் நல்கியது என்பதில் ஐயமில்லை. இடர் அதனைப் பழைய கட்டடங்களைப் பழுதுபார்க்கவும் அதே நம்பிக்கையோடு பயன்படுத்தியதில் எழுந்தது.

சுண்ணச்சாந்துச் சுவர் நீரை உறிஞ்சும். உறிஞ்சிய நீரைக் காற்றில் வெளிவிடவும் செய்யும். அதன்மேல் சிமெண்டு பூசினால் நீர் உள்ளே செல்வது முழுமையாக நிற்பதில்லை; அடித்தளத்திலிருந்து ஏறும் ஈரமும் வெடிப்பின்வழி இறங்கும் மழைநீரும் உள்ளே சென்றுகொண்டேயிருக்கும். வெளியேறும் வழி மட்டும் அடைபடுகிறது. நீரோடு கரைந்து வரும் உப்பு கல்லுக்குள்ளும் செங்கல்லுக்குள்ளும் படிகமாகி அவற்றைப் பொடியாக உதிர்க்கிறது. மேலும் கோடையில் 45 பாகை செல்சியசைத் தொடும் தில்லி வெப்பத்தில் கல் விரியும்போது, சாந்து நெகிழ்ந்து கொடுக்காவிடின் கல்லின் விளிம்பே உடைகிறது. மெலிந்த சாந்து உடைந்தால் மீண்டும் பூசலாம். பழைய கல் உடைந்தால் மீட்க இயலாது.

இவ்விடர் தில்லிக்கு மட்டும் உரியதன்று. ஏதென்சு நகரின் பார்த்தினான் கோயிலைக் கட்டியோர் சலவைக்கற்களை இரும்புப் பிணிப்புகளால் இணைத்து, அவற்றைச் சுற்றி ஈயத்தை உருக்கி ஊற்றியிருந்தனர். ஈயம் ஈரத்தைத் தடுத்தது, அசைவையும் தாங்கியது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கப் பத்தாண்டுகளில் அங்குச் சீரமைப்புப் பணி செய்த பொறியாளர் பலானோசு, ஈயக் காப்பின்றி இரும்பைச் சிமெண்டோடு பயன்படுத்தினார். இரும்பு துருவேறிப் பருத்தபோது பல நூற்றாண்டுகள் நின்ற சலவைக்கற்கள் பிளந்தன. 1975ஆம் ஆண்டு அமைக்கப்பட்ட பாதுகாப்புக் குழுவின் வழிகாட்டலில் அவ்விரும்புகள் அகற்றப்பட்டு டைட்டானியம் பொருத்தப்பட்டது. பழுதுபார்த்தலே பெரும்பழுதாக முடிந்தமைக்கு இது உலகறிந்த சான்றாகும்.

உமாயூன் கல்லறை: பிழையும் மீட்பும்

தில்லியில் இப்பிழையும் அதன் மீட்பும் ஒருங்கே புலப்படும் இடம் உமாயூன் கல்லறையாகும். 1565ஆம் ஆண்டளவில் தொடங்கி 1572இல் முடிவுற்ற இக்கட்டடம் மீரக் மிர்சா கியாசு என்னும் கலைஞரின் வடிவமைப்பாகும். 1993ஆம் ஆண்டு இது உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவிக்கப்பட்டது. 20ஆம் நூற்றாண்டில் இதன் கூரையில் நீர்க்கசிவு ஏற்பட்டபோதெல்லாம் பழைய தளத்தின்மேல் சிமெண்டுக் கற்காரை இடப்பட்டது. ஓர் அடுக்கில் கசிவு நிற்காதபோது அதன்மேல் மற்றோர் அடுக்கு இடப்பட்டது. அடைத்தல் வேண்டிய இடத்தில் நிரப்பலே நிகழ்ந்தது. கசிவும் நிற்கவில்லை, கட்டடத்தின் சுமையும் கூடியது.

இந்தியத் தொல்லியல் துறையோடு இணைந்து ஆகாகான் பண்பாட்டு அறக்கட்டளை 2007 முதல் 2013 வரை மேற்கொண்ட பணியில், இக்கூரையிலிருந்து அகற்றப்பட்ட சிமெண்டுக் கற்காரையின் எடை ஏறத்தாழ 10 இலட்சம் கிலோ ஆகும். பிற்காலப் பழுதுபார்ப்பால் ஒரு கட்டடத்தின் தலைமேல் ஏற்றப்பட்ட தேவையற்ற சுமை எவ்வளவு என்பதற்கு இவ்வெண் ஒன்றே போதும். சிமெண்டை அகற்றியபின் கூரை மரபுவழிச் சுண்ணக்காரையால் அமைக்கப்பட்டது. சிமெண்டுப் பூச்சுகள் நீக்கப்பட்டுச் சுண்ணச்சாந்து பூசப்பட்டது. 2013 செப்டம்பரில் அன்றைய தலைமையமைச்சர் மன்மோகன் சிங் பணி நிறைவு விழாவில் கலந்துகொண்டார்.

இப்பணியின் சிறப்பு பொருளை மாற்றியதில் மட்டும் இல்லை. சுண்ணாம்பை நீற்றுதல், ஊறவைத்தல், அரைத்தல், தட்டுதல் ஆகியவற்றை அறிந்த கைவினைஞர்கள் மீண்டும் தேவைப்பட்டனர். இந்தியக் கலை, பண்பாட்டுப் பாரம்பரிய நிதியமாகிய இன்டாக் 2004ஆம் ஆண்டு வெளியிட்ட பாதுகாப்புச் சாசனம் மரபுவழிக் கைவினைஞரின் அறிவைப் பேணவேண்டும் என வலியுறுத்தியதும் இங்கு நினைவுகூரத்தக்கது. பொருள் மீண்டும் கிடைத்தாலும் அதனைக் கையாளும் கை கிடைக்காவிடின் பயனில்லை என்பதை இம்முயற்சி உணர்த்தியது.

முல்லைப் பெரியாறு: மாறுபட்ட ஒரு சான்று

மேற்கூறியவற்றால் சிமெண்டு எங்கும் தீது, சுண்ணாம்பு எங்கும் நன்று எனக் கொள்ளுதல் பிழையாகும். இதனைத் தெளிவுறுத்த முல்லைப் பெரியாறு அணையைச் சான்றாகக் கொள்ளலாம். பென்னிகுயிக் தலைமையில் 1887 முதல் 1895 வரை கட்டப்பட்ட அவ்வணை, சுண்ணாம்பும் சுர்க்கியும் கலந்த சாந்தால் கருங்கல்லைப் பிணித்து எழுப்பப்பட்டது. சாந்தின் வழியே நீர் ஊடுருவும்போது சுண்ணாம்பு கரைந்து வெளியேறுவது இத்தகைய அணைகளின் இயல்பாகும். அவ்வெற்றிடங்களை நிரப்புவதற்காக 1930களிலும் 1960களிலும் துளையிட்டுச் சிமெண்டுக் குழைவு செலுத்தப்பட்டது. 1979ஆம் ஆண்டுக்குப்பின் அணையின் மேல் கற்காரைத் தொப்பி அமைத்தல், எஃகு வடங்களை உள்ளே இறக்கி நங்கூரமிடுதல், பின்புறத்தில் கற்காரைத் தாங்கு சுவர் எழுப்புதல் ஆகிய பணிகள் மேற்கொள்ளப்பட்டன. இப்பணிகளின் போதுமை பற்றிய வழக்கில் தில்லி உச்ச நீதிமன்றம் 2006ஆம் ஆண்டிலும் 2014ஆம் ஆண்டிலும் தீர்ப்பு வழங்கி, நீர்மட்டத்தை 142 அடி வரை உயர்த்த இசைவளித்தது. இவ்வணை பற்றிய மாநிலங்களுக்கு இடையிலான கருத்து வேறுபாடு இக்கட்டுரையின் எல்லைக்கு அப்பாற்பட்டது.

இங்கு நோக்கத்தக்கது, சூழல் வேறுபாடு தேர்வை வேறுபடுத்துகிறது என்பதேயாகும். கல்லறைச் சுவர் உலரவேண்டும். அணையின் உட்பகுதி எப்போதும் ஈரத்தில் இருக்கும். கல்லறையில் ஈரம் வெளியேற வழி வேண்டும். அணையில் நீர் ஊடுருவும் வழி அடைபட வேண்டும். ஒரிடத்தில் குற்றமாவது மற்றோரிடத்தில் குணமாகிறது. 1964ஆம் ஆண்டு உருவான வெனிசு சாசனமும், மரபு முறைகள் போதாதவிடத்து, அறிவியல் சான்றாலும் பட்டறிவாலும் பயன் உறுதிப்பட்ட புதிய முறைகளைக் கையாளலாம் என்றே கூறுகிறது.

புதிய பசைகளும் பழைய வினாக்களும்

1930களிலும் 1940களிலும் சுவிட்சர்லாந்திலும் அமெரிக்காவிலும் உருவான எப்பாக்சிப் பிசின்கள் பழுதுபார்ப்புத் தொழிலை மாற்றின. இந்தியாவில் 1959ஆம் ஆண்டு அறிமுகமான ஃபெவிகால், காய்ச்சவேண்டிய வச்சிரத்தின் இடத்தைப் பெரும்பாலான தச்சுப் பட்டறைகளில் பற்றிக்கொண்டது. குழாய் மூட்டுகளில் சணலும் வெள்ளீயக் குழைவும் இருந்த இடத்தை டெஃப்லான் நாடா கொண்டது. உடைந்த வார்ப்பிரும்பு, கசியும் தொட்டி, வெடித்த தளம் ஆகிய அனைத்துக்கும் எம்-சீல் என்பது ஒரு பொதுப்பெயராகவே மக்கள் வழக்கில் இடம்பெற்றுவிட்டது.

இப்பொருள்களின் பயன் மறுத்தற்கரியது. எனினும் அவற்றுக்கும் பழைய வினாக்களே பொருந்தும். எப்பாக்சி இறுகப் பற்றும். ஆயின் வெப்பத்தில் கல்லையும் இரும்பையும்விடப் பல மடங்கு விரியும். வெயிலில் நிறம் மாறிச் சிதையும். ஒட்டியபின் பிரிப்பது அரிது. அதிரும் எந்திரத்தின் மூட்டில் கடினப் பசையை இட்டால் அது வெடிக்கும். அவ்விடத்தில் நெகிழும் அடைப்பானே வேண்டும். எண்ணெய் படிந்த பரப்பைத் துடைக்காமல் எப்பசையை இட்டாலும் பற்றாது. தில்லி மேட்டுநிலத்தில் நிற்கும் அசோகர் தூண் 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வெடிமருந்து விபத்தில் ஐந்து துண்டுகளாக உடைந்து, 1867ஆம் ஆண்டு மீண்டும் இணைத்து நிறுத்தப்பட்டது. அதன் இணைப்புகள் இன்றும் கண்ணுக்குப் புலப்படுகின்றன. பழுது நேர்ந்ததை மறைக்காத அவ்விணைப்பு, காண்போர்க்குத் தூணின் வரலாற்றையும் உடன் கூறுகிறது.

சொல்லிழப்பு

இக்கட்டுரையாளர் தில்லியில் குடியிருந்த பழைய வீடு ஒன்றின் சுவரில் ஆண்டுதோறும் உப்புப் பூத்து உதிர்ந்தது. ஆண்டுதோறும் அதே இடத்தில் சிமெண்டு பூசப்பட்டது. பூச்சின் எல்லைக்கு மேலே ஈரம் ஏறியதேயன்றிக் குறையவில்லை. வேறு பொருள் பூசலாகாதா என்று வினவியபோது, வேறு என்ன பொருள் இருக்கிறது என்பதே விடையாகக் கிடைத்தது. அவ்விடை அறியாமையால் விளைந்தது மட்டும் அன்று. தேர்ந்தெடுப்பதற்குப் பெயர்கள் இல்லாத நிலையில் தேர்வே இல்லாமற் போகிறது.

தமிழ்நாட்டிலும் இதுவே நிலை. சுதை, சாந்து, காரை, கூட்டு, பூச்சு என வேறுபட்ட பொருள்களையும் வேறுபட்ட பயன்களையும் குறித்த சொற்கள் அனைத்தின் இடத்திலும் இன்று சிமெண்டு என்னும் ஒரு சொல் நிற்கிறது. கோயில் திருப்பணிகளில் பழைய சுதையுருவங்கள் சிமெண்டால் பழுதுபார்க்கப்படும்போது சுதை என்னும் சொல் மட்டும் எஞ்சுகிறது, பொருள் மறைந்துவிடுகிறது. கலைச்சொல்லாக்க முயற்சிகளில் ஆங்கிலச் சொற்களுக்கு நேராக ஒட்டி, நிரப்பி, அடைப்பான் என ஆக்குவது வேண்டுவதே. ஆயின் பற்றாசு, வச்சிரம், கலப்பற்று, மருந்து சாத்துதல் போன்ற வாழும் சொற்களைக் களப்பணியில் தொகுக்காமல் புதியன ஆக்குவதனால் மட்டும் தொழிலறிவு தமிழில் நிலைபெறாது.

முடிவுரை

இவ்வாய்வால் பெறப்படும் முடிவுகள் பின்வருமாறு:

1. நிரப்பல், அடைத்தல், ஒட்டல் ஆகிய மூன்றும் வேறுபட்ட தொழில்கள். பொருள் தேர்வு இவ்வேறுபாட்டை உணர்வதில் தொடங்குகிறது.

2. பழுதுபார்க்கும் பொருள் பழுதுற்ற பொருளைவிட மெலிதாகவும் மீண்டும் அகற்றத்தக்கதாகவும் இருத்தல் நன்று என்னும் நெறி அட்டபந்தன மரபில் தெளிவாக அமைந்துள்ளது.

3. உமாயூன் கல்லறைக் கூரையிலிருந்து அகற்றப்பட்ட சிமெண்டுக் கற்காரை, வலிமையை மட்டும் அளவுகோலாகக் கொண்ட தேர்வின் விளைவைக் காட்டுகிறது.

4. முல்லைப் பெரியாறு அணைச் சான்று, ஒரு பொருளின் நன்மை தீமைகள் சூழலைச் சார்ந்தவை என்பதை உணர்த்துகிறது.

5. தொழிற்சொற்களின் மறைவு தேர்வின் எல்லையைச் சுருக்குகிறது.

சுண்ணாம்பு அரைத்த தலைமுறை இன்று முதுமையில் உள்ளது. கடுக்காய் நீரின் பதத்தையும் அட்டபந்தன மருந்தின் குழைவையும் விரலால் அறிந்தோர் எண்ணிக்கை ஆண்டுதோறும் குறைந்து வருகிறது. இந்தியாவெங்கும் உள்ள தமிழ்த்துறைகள் தத்தம் வட்டாரக் கைவினைஞரின் சொற்களைப் பொருளோடும் செய்முறையோடும் சேர்த்துப் பதிவு செய்யுமாயின், அகராதிக்கு அது செல்வமாவதோடு, வருங்காலத்தில் ஒரு பழஞ்சுவரைப் பழுதுபார்க்க வருபவர்க்கு வழிகாட்டியாகவும் அமையும்.